கழுவாயி கூப்பிட்ட தூரம்

முசல்கரட்டுப்பட்டியில் ஒரு முயலைக் குத்த வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு பெண் தன் புருசனைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாக வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், வேட்டைக்காரர்கள் ஊரில் தும்முவதற்குக்கூட ஒரு முறை உண்டு. மாசி மாதம் ஊர்ச்சாமி சோணைக்கருப்புக்குப் பாரிவேட்டை. வெள்ளிக்கிழமை தொடங்கி எட்டு நாள் காடு சுற்றி, எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் கோயில் பானையில் வேட்டைக்கறி வெந்தாக வேண்டும். அந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேல் யார் கையில் இருக்கிறதோ அவன் தலையில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு ஊர்ப்பொட்டலிலிருந்து மேற்கே நடப்பான். அவன் பெண்டாட்டி பொட்டல் பாறைமேல் ஏறி நின்று, அவன் பேரைச் சொல்லி, களி ஆறுது வாய்யா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் எந்த இடத்தில் அவன் காதில் நின்றுபோகிறதோ அங்கே கல்லை இறக்கி, தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டுவான். கல்லுக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் வீடு. மேற்கே எவ்வளவோ அவ்வளவுதான் மற்ற மூன்று திசைக்கும்.

கூப்பிடு தூரத்துக்குள் குடியிருக்கிற முயலும் மயிலும் பன்றியும் உடும்பும் அந்த வருசம் முழுக்க வீட்டுச் சீவன். பார்க்கலாம், பேர் வைக்கலாம், பக்கத்து ஊர்க்காரனிடம் பெருமை பீற்றலாம், தொடக்கூடாது. சாயங்காலமானால் ஊர் ஆண்கள் ஓடைக்குளத்துக் கரையில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பீடியை வாயில் வைத்துப் பற்றவைக்க மறந்து, தண்ணிக்கு வருகிற ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேட்டைக்காரனுக்கு மிருகத்தைக் குத்துவதில் பாதிச் சந்தோசம், பார்ப்பதில் முக்கால் சந்தோசம். கணக்கு இடிக்கிறதே என்றால் அது உங்கள் கணக்கு.

இருபத்திரண்டு வருசமாக முதல் வேல் காசிமாயன் கையில் இருந்தது. இருபத்திரண்டு வருசமாகப் பாறைமேல் ஏறியவள் அவன் பெண்டாட்டி கழுவாயி. புருசன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று நம்புகிற ஊரில், வருசத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஒருத்திக்கு அந்த அனுமதி. கழுவாயி அதை அனுபவித்துச் செய்வாள். வருசம் பூராவும் 'இந்தாங்க', 'உங்களத்தான்' என்று சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில், 'காசிமாயாஆஆ' என்று இழுத்து மேற்கே அனுப்புவாள். ஓடைக்குளத்தைத் தாண்டி, புளியந்தோப்பைத் தாண்டி, கழுதைப்பாறை வரைக்கும் போகும் அந்தக் குரல். அவளைப் போல் தொண்டை மூன்று ஊரில் கிடையாது என்று காசிமாயனே சொல்லித் திரிந்தவன்தான்.

போன வருசம் அவன் ஒரு தப்புச் செய்தான். ஓடைக்குளத்துச் சேற்றில் ஒத்தக்கொம்பன் என்று ஒரு காட்டுப்பன்றி ஆறு வருசமாகக் குடியிருந்தது. ஊருக்கே செல்லம். அது சேற்றில் புரண்டு எழுந்து உடம்பை உதறினால் கரையில் இருக்கிறவர்கள் மேலெல்லாம் சேறு தெறிக்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பக்கத்து ஊர் சம்பந்தக்காரர் ஒருவர், "என்ன மாப்ள, ஒங்க வேலு முசலத் தவிர வேறெதுக்கும் பிறந்ததில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து காசிமாயனுக்கு நெஞ்சில் ஒரு முள். கல்லைச் சுமந்துகொண்டு போனவன் குளத்துக்கு இந்தப் பக்கத்திலேயே, கழுவாயி கூப்பிடுவது கணீர் கணீரென்று காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, கல்லை இறக்கித் துண்டை வீசிவிட்டான். கல் வைக்கிறவன் ஒற்றை ஆளாகத்தான் நடப்பான். பெண்டாட்டி கூப்பிடுவது கடைசிவரை கேட்பது புருசன் காதுக்குத்தான் என்பது ஊர் நம்பிக்கை. ஆகையால் அவன் வைத்ததுதான் கல். குளம் ஒரு நிமிசத்தில் காடாகிப்போனது. அன்று மத்தியானமே ஒத்தக்கொம்பன் விழுந்தது, கறி வீட்டுக்கு வீடு போனது, யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

கழுவாயி கறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எங்கொரலு கொளம் வரைக்குங்கூட வரலையா?" என்றுதான் கேட்டாள்.

"வயசாகுதுல்ல" என்றான் காசிமாயன்.

ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவள் உரக்கப் பேசுவதை விட்டுவிட்டாள். எருமையைக் கூப்பிட வேண்டுமென்றால் எருமை இருக்கிற இடத்துக்கே நடந்து போனாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேல் கத்துகிற பேச்சை, வேலியைச் சுற்றிப் போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. காசிமாயனுக்கு அந்தச் சத்தமில்லாத வீட்டில் சோறு செல்லவில்லை, ஆனால் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. பொய்க்கல் வைத்தவன் ஆயுசுக்கும் வேலைத் தொடக்கூடாது என்பது ஊர் முறை. கையில் வேல் இல்லையென்றால் அவன் யார்?

இந்த வருசம் மாசி வந்தது. "எளசுக யாரையாச்சும் கூப்புடச் சொல்லுங்க, எனக்குத் தொண்ட போயிருச்சு" என்று கழுவாயி பின்வாங்கினாள். ஊர் விடவில்லை. தவசிப் பூசாரி வந்து திருநீறு பூசி, முறை முறைதான் ஆத்தா என்று பாறைமேல் ஏற்றிவிட்டார். கழுவாயி கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள். காசிமாயன் கல்லைச் சுமந்து நடந்தான்.

இந்தமுறை பொய் சொல்வதில்லை என்று அவன் முடிவோடுதான் போனான். குளத்தைத் தாண்டினான், கேட்டது. புளியந்தோப்பைத் தாண்டினான், கேட்டது. கழுதைப்பாறையில் நின்று காதைக் குடைந்துவிட்டுக் கேட்டான், பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்டது. கரட்டைச் சுற்றி, அடுத்த ஊரின் மந்தையைக் கடந்து, தார்ரோட்டைக் குறுக்கே தாண்டி, சோளக்காட்டுக்குள் புகுந்து, தலையில் கல்லோடு அவன் போய்க்கொண்டே இருந்தான். குரல் ஒரு பிசிறுகூடக் குறையாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. என்னமோ ஏதோ என்று கழுவாயியின் தம்பி ராசாங்கம் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து பன்னிரண்டாவது மைலில் அவனைப் பிடித்தான். அவன் காதிலும் அக்கா கூப்பிடுவது விழுந்தது. செல்போனை எடுத்து ஊருக்கு அடித்தான்.

"அக்காவ நிறுத்தச் சொல்லுங்கப்பா, மாமாவுக்குக் கழுத்து ஒடிஞ்சிரும்போல."

"ஒங்கக்கா கூப்புட்டு முடிச்சு, கஞ்சி குடிச்சிட்டு, எருமைக்குப் புல்லறுக்கப் போயி ரெண்டு மணி நேரமாச்சுடா" என்றார் பூசாரி.

ஆனால் குரல் அங்கேயேதான் இருந்தது. காசிமாயன் கல்லைத் திரும்ப ஊருக்கே சுமந்துகொண்டு வந்தான், வைக்க இடமில்லை.

அதன் பிறகு அந்தக் குரல் பொழுது விடிந்ததும் தொடங்கும், பொழுது சாய்ந்ததும் அடங்கும், அதற்கும் தூக்கம் வேண்டாமா. மூன்று தாலுகாவுக்குக் கேட்டது. ஜனங்கள் இரண்டு நாள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். களையெடுக்கிற பெண்கள் அதைக் கேட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார், அதுதான் ஒரு சத்தம் இருக்கிறதே என்று. காசிமாயன் என்ற பேர் அந்தச் சீமையில் ஊருக்கு நாலு பேருக்கு உண்டு. பெண்டாட்டியோடு சண்டை போட்டு ஆறு மாதமாகத் தனியே பொங்கித் தின்ற ஒரு காசிமாயன், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மாமனார் வீட்டு வாசலில் போய், "கூப்புட்டியே" என்று நின்றான். அவள் மறுக்காமல் தட்டை எடுத்து வைத்தாள்.

வேட்டைக்காரர்கள் பாடுதான் தனிப்பாடு. குரல் கேட்கிற இடமெல்லாம் வீடு, அதில் இருப்பதெல்லாம் வீட்டுச் சீவன். எனவே அவர்கள் வேலைத் தோளில் சாத்திக்கொண்டு, இருவர் மூவராக மோட்டார் சைக்கிளில் ஏறி, மலையடிவாரம் வரைக்கும் போய், புதிதாகச் சொந்தமாகிப்போன மான்களையும் முயல்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். எந்தப் பெட்டை எத்தனை குட்டி போட்டிருக்கிறது, எந்தச் சேவல் மயிலுக்குத் தோகை எத்தனை முழம் என்று திரும்பி வந்து விடியவிடியச் சண்டை. பேர் வைத்து மாளவில்லை, கடைசியில் ஒரு காட்டெருமைக்கு முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரின் பேரை வைக்க வேண்டியதாயிற்று. வருசா வருசம் மலையடியில் தடியோடு வந்து மறித்து நிற்கிற வனக்காவலர், இந்த முறை வேல்காரர்கள் கும்பலாக வருவதைப் பார்த்து விசிலை ஊதப் போனார். "சார், கெழக்குச் சரிவுல ஒரு மிளா மானு நொண்டுது, எங்க வீட்டுப் பிள்ள மாதிரி சார், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அவர்கள் சொன்னதும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மிருகங்களும் மோப்பம் பிடித்துவிட்டன. மலையில் இருந்ததெல்லாம் மெல்ல இறங்கி, ரேசன் கடைத் திண்டிலும் மாவு மில் நிழலிலும் வந்து படுத்தன. அரைக்க வந்தவர்கள் மிளாவைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு அரைத்துக்கொண்டு போனார்கள்.

கூப்பிட்டவளுக்கு மட்டும் அந்தக் குரல் கேட்கவில்லை. யார் வந்து சொன்னாலும் கழுவாயி சிரித்துக்கொள்வாள். தன் மனசைத் தேற்றுவதற்காக ஊர் கூடி ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறது என்று நினைத்தாள். நல்ல ஜனங்கள்தான், ஆனால் பொய்தானே.

காசிமாயன் மாட்டுக்கொட்டத்தில் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். "நெசமாத்தான் கேக்குது கழுவாயி."

"போன வருசம் கொளத்துக்குக் கேக்காத கொரலு இந்த வருசம் பன்னெண்டு மைலுக்குக் கேக்குதாக்கும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "நீங்களாச்சும் என்னையக் கேலி பண்ணாதீங்க."

உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான். தான் கோழை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, இருபத்திரண்டு வருசம் முதல் வேல் பிடித்தவனுக்கு.

எட்டாம் நாள் நெருங்கியது. சாமிக்குக் கறி வேண்டும், குத்த இடமில்லை. நாலாம் நாள் ஊர் கூடியது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் பூசாரிக்குத்தான் பொறி தட்டியது. "கேக்காத எடத்துல குத்தலாங்கிறதுதான முறை? கேக்காத ஆளு ஒருத்தர் இருக்காருல்ல?"

எல்லாரும் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி முந்திக்கொண்டதில் இரண்டு காதும் போனவர். காது இல்லாதவனுக்கு வேட்டை ஏது, தன் வேலைப் பரணில் சொருகிவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த இடமும் கேட்காத இடம், அவர் காலடியிலேயே காடு தொடங்குகிறது. ஆனாலும் ஊருக்குள் படுத்துக்கிடக்கிறதைக் குத்த யாருக்கும் மனசு வரவில்லை, மலைக்கு அப்பால் போய்க் கொண்டுவரட்டும் என்றார்கள். முயல், வேல், நீ என்று ஜாடை காட்டினார்கள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, தன்னை வேட்டைக்குக் கூப்பிட்டதே போதுமென்று முகம் மலர்ந்துவிட்டது. கறி கொண்டுவருகிறவன் கையில் முதல் வேல் என்பதும் முறைதான். காசிமாயன் வேலைக் கழுவித் துடைத்து, அவர் கையில் கொடுத்தான்.

எட்டாம் நாள் உச்சிப்பொழுது. கோயில் பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மொக்கையன் மலைப்பாதையில் வருவது தெரிந்ததும் பறை முழங்கியது. தோளில் வேல் இருந்தது, கையில் முயல் இல்லை. அவர் கோயில் பக்கம் திரும்பவே இல்லை, கொட்டு மேளத்தையெல்லாம் விலக்கிக்கொண்டு நேரே கழுவாயி வீட்டு முற்றத்துக்குப் போய், வேலைச் சுவரில் சாத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊரே பின்னால் ஓடிவந்து முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"சோத்தப் போடு தாயி" என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற பெருஞ்சத்தத்தில். "கூப்புட்டியே."

கழுவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. மொக்கையனே சொன்னார். "முசலு எதுக்க நிக்கிது. வேல ஓங்கிட்டேன். பன்னெண்டு வருசமா எங்காதுல ஒரு காத்துகூட நொழைஞ்சதில்ல. ஒரு பொம்பளக் கொரலு கேக்குது, களி ஆறுது வாய்யான்னு. நின்னு கேட்டேன், ஒங்கொரலு. எனக்குத் தெரியாதா, சின்னப்பிள்ளையில இருந்து கேட்ட கொரலு. யாரக் கூப்புட்டா எனக்கென்ன, என்னையத்தான்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு நாளா நடந்து வாரேன். பசிக்கிது, போடு."

மொக்கையனுக்கு ஊர்ச்சேதி எட்டாது. கழுவாயியின் சங்கடமும் தெரியாது, தேற்ற வேண்டும் என்பதும் தெரியாது. அவர் பொய் சொல்ல முகாந்திரமே இல்லை. கழுவாயி அவருக்கு இலை போட்டாள், களியை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். கரண்டியோடு நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

"அப்ப போன வருசம்?"

சுவரில் வேல் சாத்தியிருந்தது. காசிமாயன் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"கேட்டுச்சு" என்றான். "நல்லாக் கேட்டுச்சு. பன்னிமேல ஆசப்பட்டுப் பொய்க்கல்லு வச்சேன். ஒங்கொரலுக்கு ஒரு கொறையும் இல்ல, எம்புத்திக்குத்தான். வேல நீங்களே வச்சுக்கங்கப்பா, நான் தொடல."

கரண்டி பறந்து வந்து அவன் தோளில் பட்டு விழுந்தது. "அட பாவி மனுசா!" என்று பிடிபிடியென்று பிடித்தாள் கழுவாயி. "ஒரு வருசம்! ஒரு வருசமா எருமைகிட்டக்கூட ரகசியம் பேசினேனே! கெழவியாயிட்டேன், தொண்ட செத்துப்போச்சுன்னு தலையணைக்குள்ள மொகத்த வச்சு அழுதேனே! ஒரு பன்னிக்காகவாய்யா? அந்தப் பன்னியே எங்கொரலக் கேட்டு எத்தன நாளு எந்திரிச்சு உக்காந்திருக்கும்!" மூன்று தெருவுக்கும் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எருமை நிமிர்ந்து பார்த்தது. காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டு அந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டான், ஒரு வருசமாக வறண்டு கிடந்த காதில் அது தேனாக ஓடியது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

திட்டி ஓய்ந்ததும் கழுவாயி இன்னொரு இலையைப் போட்டாள். "உக்காருங்க" என்றாள். "களி ஆறுது."

அவன் மொக்கையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். வானத்தில் எட்டு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுபோனது.

அப்படி ஒரு அமைதியை அந்தச் சீமை கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் இல்லையென்றால் கூப்பிடு தூரம் இல்லை, கூப்பிடு தூரம் இல்லையென்றால் வீடு இல்லை, இந்த முற்றம்கூடக் காடுதான். முற்றத்தில் தண்ணித்தொட்டி ஓரம் ஒரு முயல், சிந்திய களியைத் தின்றுகொண்டிருந்தது. சுவரில் வேல். கோயிலில் உலை. பானை காத்திருக்கிறது.

தவசிப் பூசாரிதான் முதலில் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கேக்குதப்பா" என்றார், வானத்தைப் பார்த்து.

"எனக்கும் கேக்குது" என்றான் ராசாங்கம்.

"கேக்குது, நல்லாவே கேக்குது" என்றார் பறையடிப்பவர். கேக்குது, கேக்குது என்று முற்றம் முழுக்க ஒப்புக்கொண்டது. ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு, முன்னைக்கு இப்போ கொஞ்சம் கூடத்தான் கேட்கிறது என்றார். சாமிக்கு இந்த வருசம் பூசணிக்காய் போட்டுக்கொள்ளலாம், சாமி ஒன்றும் வாய்ருசி பார்க்கிற ஆளில்லை என்றார் பூசாரி.

கழுவாயி புருசனைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

காசிமாயன் கவளத்தை விழுங்கினான். ஊரே அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. ராசாங்கம் கண்ணால் கெஞ்சினான், முயலைக் காட்டினான்.

"எனக்குக் கேக்கல" என்றான் காசிமாயன். "நின்னுருச்சு. ஒங்கொரலு விசயத்துல இனி நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ கூப்புடு."

"பக்கத்துல உக்காந்திருக்கவர எப்படிக் கூப்புடுறது?"

"பேரச் சொல்லிக் கூப்புடு. ஆயுசு கொறஞ்சாக் கொறையட்டும்."

கழுவாயி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முற்றத்து நடுவில் வந்து நின்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, காசிமாயாஆஆ என்று கூப்பிட்டாள். முயல் ஒரு துள்ளுத் துள்ளி வேலியைத் தாண்டி ஓடியது. அவளுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மொக்கையன், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.